நாயிடம் தேடிய கிருமி மனிதத் தோலில் இருந்தது: காலா அசாரை அடக்கிய டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யார்?

1992-ம் ஆண்டில் இந்தியாவில் 77,102 பேருக்கு காலா அசார் காய்ச்சல் வந்தது. அவர்களில் 1,419 பேர் இறந்தார்கள். 2023-ல் அதே காய்ச்சல் வந்தவர்கள் 595 பேர்தான். முப்பது வருடத்தில் இவ்வளவு பெரிய சரிவு, இந்தியப் பொது சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

ஆனால், மூன்று இலக்கத்துக்கு இறங்கிவிட்ட இந்த எண், பூஜ்யத்துக்குப் போக மட்டும் அடம்பிடிக்கிறது. ஏன்? இதற்கான விடையின் முக்கியமான பகுதி, கொல்கத்தாவில் ஒரு வங்காள டாக்டர் 1922-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவர் பெயர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இந்தியர்களில் ஒருவர். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 'யூரியா ஸ்டிபமைன்' என்ற மருந்தின் பெயரோடு சேர்த்து இவர் பெயர் ஞாபகம் இருக்கலாம்.

அந்த மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. இன்று அது புழக்கத்தில் இல்லை. ஆனால், அவர் கவனித்த இன்னொரு விஷயம் நூறு வருடம் கழித்தும் சுகாதாரத் துறையை ஓடவைத்துக்கொண்டிருக்கிறது.

ரயில்வே டாக்டரின் மகன்

பிரம்மச்சாரி பிறந்தது 1873 டிசம்பர் 19. குடும்பத்தின் பூர்வீகம் வங்காளத்தின் பர்தமான் மாவட்டம். அப்பா நீல்மணி பிரம்மச்சாரி, கிழக்கிந்திய ரயில்வேயில் டாக்டர். அதனால் பையனின் பள்ளிப் படிப்பு பீகாரில் உள்ள ஜமால்பூர் என்ற ரயில்வே ஊரில் நடந்தது.

கணக்கிலும் வேதியியலிலும் கெட்டிக்காரர். ஹூக்ளி கல்லூரியில் 1893-ல் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டே கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினார். இன்னொரு பக்கம் மருத்துவமும் படித்தார். 1902-ல் எம்.டி., 1904-ல் முனைவர் பட்டம். ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது பற்றியது அந்த ஆய்வு.

டாக்டராகவும் வேதியியலாளராகவும் ஒரே ஆள் இருந்ததுதான் பின்னாளில் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தியது. நோயாளியைப் பார்ப்பவர் ஒருவர், மருந்தைத் தயாரிப்பவர் வேறொருவர் என்பதுதான் வழக்கம். பிரம்மச்சாரி காலையில் வார்டில் பார்த்த நோயாளிக்கு, ராத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்து மருந்து தேடக்கூடியவர்.

1905-ல் கொல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சேர்ந்தார். இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரிதான் அது. அந்தக் காலத்தில் மருத்துவத் துறையின் உயர்ந்த பதவிகளும் ஆராய்ச்சி வசதிகளும் பெரும்பாலும் இந்தியன் மெடிக்கல் சர்வீஸைச் சேர்ந்த ஆங்கிலேயர்களிடம்தான் இருந்தன. மாகாண சர்வீஸில் இருந்த ஓர் இந்திய டாக்டருக்குக் கிடைத்தது, ஏழை நோயாளிகள் நிரம்பிய கேம்ப்பெல் ஆஸ்பத்திரி. அங்கே சுமார் 18 வருடம் இருந்தார். வார்டு முழுக்க அவர் பார்த்தது ஒரே மாதிரியான நோயாளிகளை: வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல், ஒட்டிப்போன கை கால், முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிறு, கறுத்துப்போன தோல்.

காலா அசார் என்றால் என்ன?

இந்தியில் 'காலா' என்றால் கறுப்பு. 'அசார்' என்றால் நோய். தமிழில் கருங்காய்ச்சல் என்றும் சொல்வார்கள். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் புகுந்து பெருகும் ஓர் ஒட்டுண்ணிதான் காரணம். ரத்தம் வற்றும், எதிர்ப்புச் சக்தி சரியும். சிகிச்சை கொடுக்காவிட்டால் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்று வந்து உயிரை எடுத்துவிடும். நோய் முற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள்.

1870-களில் அசாமின் காரோ மலைப்பகுதியில் தலைகாட்டிய நோய், பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராக மேலே ஏறியது. நவ்காங் மாவட்டத்தில் 1891-க்கும் 1901-க்கும் இடையில் மக்கள்தொகை ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. கொக்கிப்புழு என்றார் ஒரு டாக்டர். கடுமையான மலேரியா என்றார் இன்னொருவர். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

1903-ல்தான் குற்றவாளி சிக்கியது. கொல்கத்தா அருகே உள்ள டம்டம் முகாமில் இருந்து திரும்பி, இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான துகள்களைப் பார்த்ததாக வில்லியம் லீஷ்மன் எழுதினார். அடுத்த சில வாரங்களில், மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், தன் நோயாளிகளிடமும் அதே துகள்களைப் பார்த்ததாக அறிவித்தார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று ஒட்டுண்ணிக்குப் பெயர் வைத்தார் ரொனால்ட் ராஸ். உலகம் முழுக்க இன்று சொல்லப்படும் இந்தப் பெயரில், சென்னை சென்ட்ரல் எதிரில் இருக்கும் 'ஜி.எச்.'சுக்கும் ஒரு பங்கு உண்டு.

நாயா, மூட்டைப்பூச்சியா?

கிருமி தெரிந்துவிட்டது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது, யாருக்கும் நோய் இல்லாத நாட்களில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

1908-ல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் இருந்து முக்கியமான ஒரு துப்பு வந்தது. மத்திய தரைக்கடல் நாடுகளில் குழந்தைகளைத் தாக்கிய இதே மாதிரியான காய்ச்சலை ஆராய்ந்த சார்லஸ் நிக்கோல், அந்த ஊர் நாய்களின் உடலிலும் ஒட்டுண்ணி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதாவது மனிதனுக்கு நோயே இல்லாவிட்டாலும் கிருமிக்குக் கவலையில்லை. நாய் என்கிற கிடங்கில் பத்திரமாக இருக்கும். நேரம் பார்த்து மனிதனுக்குத் தாவும்.

இப்படி ஒரு கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கும் உயிரினத்தைக் கண்டுபிடித்துவிட்டால், நோயை எங்கே மறிக்கலாம் என்று தெரிந்துவிடும். லீஷ்மேனியா குடும்பத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு கிடங்கு. மத்திய தரைக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் நாய். மத்திய ஆசியாவின் பாலைவனங்களில் வளை தோண்டி வாழும் ஜெர்பில் என்ற எலி. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே உள்ள ஃபூயென்லாப்ரடா நகரில் 2009 முதல் திடீரென நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் வந்தபோது, அங்கே புதிதாக அமைத்த பெரிய பூங்காவில் பெருகியிருந்த காட்டு முயல்கள்தான் கிடங்கு என்று தெரிந்தது.

அப்படியானால் இந்தியாவிலும் நாய்தானே? அப்படித்தான் பலரும் சந்தேகப்பட்டார்கள். மெட்ராஸில் டோனவன் நாய்களைப் பிடித்துப் பரிசோதித்தார். கிருமி சிக்கவில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வால்டர் பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்துப் பல வருடம் ஆராய்ந்தார். அதிலும் முடிவு கிடைக்கவில்லை. இந்தியாவின் காலா அசாருக்குக் கிடங்கு எது என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்

இதற்கிடையில் நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரேசிலில் காஸ்பர் வியன்னா என்ற இளம் டாக்டர், ஆண்டிமனி என்ற உலோகத்தின் உப்பு ஒன்று தோலில் வரும் லீஷ்மேனியா புண்களைக் குணப்படுத்துவதைக் கண்டார். 1915-ல் இத்தாலியிலும் இந்தியாவிலும் அதே உப்பைக் காலா அசாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது.

ஆனால், அந்த மருந்தே ஒரு தண்டனை மாதிரி இருந்தது. நரம்பில் மாதக்கணக்கில் ஊசி. வாந்தி, கடுமையான இருமல், இதயப் பாதிப்பு. ஊசி கொஞ்சம் நரம்புக்கு வெளியே இறங்கினாலும் சதை அழுகிவிடும். பாதியிலேயே ஓடிப்போன நோயாளிகள் நிறைய பேர். நரம்பு தேடிக் குத்தவே முடியாத குழந்தைகளின் நிலைமை இன்னும் மோசம்.

பிரம்மச்சாரியும் முதலில் இதே உப்புகளைத்தான் பயன்படுத்தினார். அவற்றின் போதாமை அவருக்குத் தினமும் வார்டில் தெரிந்தது. ஜெர்மனியில் பால் எர்லிக், ஆர்சனிக்கைக் கரிமச் சேர்மமாக மாற்றி சிபிலிஸ் நோய்க்கு மருந்தாக்கியிருந்தார். அதே உத்தியை ஆண்டிமனிக்குச் செய்து பார்த்தால் என்ன? கிருமியைக் கொல்லும் திறன் அப்படியே இருக்க வேண்டும், மனித உடம்புக்கு விஷம் குறைய வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

இந்திய ஆராய்ச்சி நிதி அமைப்பின் உதவியோடு 1919-ன் கடைசியில் வேலையைத் தொடங்கினார். கேம்ப்பெல் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. எரிவாயு இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்மங்களைத் தயாரித்துப் பார்த்தார். 1920-ல் ஆண்டிமனி கலந்த ஒரு கரிம அமிலத்தை யூரியாவோடு சேர்த்தபோது, அவர் தேடியது கிடைத்தது. அதற்கு யூரியா ஸ்டிபமைன் என்று பெயர் வைத்தார்.

முதலில் எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை 1922-ல் வெளியிட்டார். மாதக்கணக்கில் இழுத்த சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. காய்ச்சல் இறங்கியது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. சாப்பிட முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அசாமில் நடந்தது என்ன?

கொல்கத்தா வார்டில் எட்டு பேருக்கு வேலை செய்தது சரி, ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்த அசாமில் வேலை செய்யுமா? 1920-களில் அங்கே மீண்டும் பெரிய கொள்ளைநோய் அலை வீசிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் யூரியா ஸ்டிபமைன் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஹென்றி ஷார்ட் தலைமையிலான காலா அசார் ஆணையமும் மருந்தைச் சோதித்து ஏற்றுக்கொண்டது.

அதன்பிறகு சிகிச்சை முகாம்களில் இறப்பு விகிதம் தலைகீழானது. பத்தில் ஒன்பது பேர் இறந்த நோயில், பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 1933-ம் ஆண்டுக்குள் அசாமில் மட்டும் சுமார் 3.25 லட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அரசுக் கணக்கு சொன்னது. ஆண்டிபயாடிக் புழக்கத்துக்கு வராத காலம் அது. பென்சிலின் 1940-களில்தான் நோயாளிகளுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே, ஓர் இந்திய ஆஸ்பத்திரியின் பின்னறையில் தயாரான மருந்து இதைச் செய்தது.

குணமானவர்களின் தோலில் ஒரு புதிர்

பிரம்மச்சாரியின் கதையை இத்தோடு முடிப்பதுதான் வழக்கம். ஆனால், 1922-ல் அவர் இன்னொரு கட்டுரையும் எழுதினார்.

காலா அசாரில் இருந்து குணமாகி வீட்டுக்குப் போன சிலர், கொஞ்ச காலம் கழித்து வேறொரு புகாரோடு திரும்பி வந்தார்கள். காய்ச்சல் இல்லை. வயிறு வீங்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள். முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகள், சிலருக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள். அவ்வளவுதான்.

பார்த்தால் தொழுநோய் மாதிரி இருக்கும். வேறொரு டாக்டராக இருந்தால் அப்படியே எழுதிவிட்டு அனுப்பியிருக்கலாம். பிரம்மச்சாரி அந்த முடிச்சுகளில் இருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். உள்ளே இருந்தது, காலா அசாரை உண்டாக்கும் அதே ஒட்டுண்ணி.

உடம்பின் உள்ளுறுப்புகளை விட்டுப் போன கிருமி, தோலில் குடியேறி உயிரோடு இருந்தது. இந்த நிலைக்கு 'டெர்மல் லீஷ்மனாய்டு' என்று அவர் பெயர் கொடுத்தார். இன்று மருத்துவ உலகம் இதை பி.கே.டி.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறது. காலா அசாருக்குப் பின் வரும் தோல் லீஷ்மேனியா என்பது அதன் அர்த்தம். பிரம்மச்சாரியின் பெயரிலும் இதை அழைப்பதுண்டு.

இந்தக் கண்டுபிடிப்பின் முழு அர்த்தம் புரிய, இன்னொரு துண்டு கிடைக்க வேண்டியிருந்தது.

மணல் ஈ மாட்டிய கதை

அந்தத் துண்டு, கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. மணல் ஈ. நீளம் 2, 3 மில்லிமீட்டர்தான். கொசு வலையின் ஓட்டையிலேயே நுழைந்துவிடும். அதிக உயரம் பறக்காது, தத்தித் தத்திப் போகும். மண் சுவரின் விரிசல், மாட்டுக் கொட்டகை, ஈரமான, சாணமும் இலைதழையும் மக்கிய மண் ஆகியவைதான் அதன் இருப்பிடம். பெண் ஈ முட்டை வைக்க ரத்தம் வேண்டும். ராத்திரியில் மாட்டையும் கடிக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் மனிதனையும் கடிக்கும்.

இந்தியாவின் வரைபடத்தில் காலா அசார் இருக்கும் இடங்களும், 'ஃபிளெபாடமஸ் அர்ஜென்டிபெஸ்' என்ற மணல் ஈ இருக்கும் இடங்களும் பெரிதும் ஒத்துப்போவதை ஜான் சின்டன் கவனித்தார். 1924-ல் கொல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர், நோயாளியின் ரத்தம் குடித்த மணல் ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைக் காட்டினார்கள்.

ஆனால், அந்த ஈ கடித்து இன்னொருவருக்கு நோய் வந்ததை நிரூபிக்க மேலும் 18 வருடம் ஆனது. ஆய்வகத்தில் ஈக்கள் சீக்கிரம் செத்துவிடுவதுதான் சிக்கல். ரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர் திராட்சையைச் சாப்பிடக் கொடுத்தால் கூடுதல் நாள் உயிரோடு இருக்கின்றன, கிருமியும் நன்றாகப் பெருகுகிறது என்று தெரிந்தபிறகு வழி பிறந்தது. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர், தானாக முன்வந்தவர்களை மணல் ஈக்கள் கடித்ததன் மூலம் நோய் பரவுவதை நிரூபித்தார்கள்.

இப்போது இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். மணல் ஈ கடிக்கும் இடம் தோல். பி.கே.டி.எல். உள்ளவரின் கிருமி இருக்கும் இடமும் தோல். அவருக்கு உடம்பு முடியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வருடக்கணக்கில் ஊருக்குள்ளேயே இருக்கிறார், ராத்திரி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தூங்குகிறார். ஈக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இந்தியக் காலா அசாருக்கு இதுவரை எந்த விலங்கும் கிடங்கு என்று நிரூபிக்கப்படவில்லை. கிடங்கு மனிதன்தான். அதிலும் நோய் தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கும் மனிதன்.

நோபல் ஏன் கிடைக்கவில்லை?

பிரம்மச்சாரிக்கு அங்கீகாரம் கிடைக்காமல் இல்லை. 1934-ல் 'சர்' பட்டம் வந்தது. 1936-ல் இந்தூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். வங்காள ஆசியக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1923-ல் கேம்ப்பெல்லில் இருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறி, 1927-ல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். கார்ன்வாலிஸ் தெருவில் இருந்த தன் வீட்டிலேயே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார். யூரியா ஸ்டிபமைன் அங்கே தயாரானது. கொல்கத்தாவில் ரத்த வங்கி அமைக்கும் வேலையிலும் முன்னால் நின்றார்.

நோபல் பரிசுக்கு 1929-லும் 1942-லும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1929-ல் மருத்துவ நோபல், வைட்டமின் ஆராய்ச்சிக்காக எய்க்மன், ஹாப்கின்ஸ் இருவருக்கும் போனது. 1942-ல் உலகப் போர் காரணமாக மருத்துவத்துக்குப் பரிசே அறிவிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதிக்கும் அவர் பெயர் போனது. அதுவும் கைகூடவில்லை. துனிஸ் நாய்களிடம் கிருமியைக் கண்டுபிடித்த நிக்கோலுக்கு 1928-ல் நோபல் கிடைத்தது. ஆனால், அது டைஃபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்ற வேறொரு கண்டுபிடிப்புக்காக.

1946 பிப்ரவரி 6 அன்று பிரம்மச்சாரி காலமானார். சுதந்திரத்துக்கு ஒன்றரை வருடம் பாக்கி. கொல்கத்தாவின் லவுடன் தெருவுக்குப் பிற்பாடு அவர் பெயர் சூட்டப்பட்டது.

செத்துவிட்டதாக நினைத்த நோய் திரும்பியது

1950-களில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.டி. தெளித்தார்கள். மண் சுவர்களில் ஒட்டியிருந்த மணல் ஈக்களும் சேர்ந்து செத்தன. காலா அசார் ஏறக்குறைய காணாமலே போனது. டி.டி.டி. தெளிப்பு நின்றது. 1970-களில் பீகாரில் நோய் மறுபடி வெடித்தது. 1977-ல் அங்கே சுமார் 1 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

நடுவில் இத்தனை வருடம் கிருமி எங்கே இருந்தது? நாய் இல்லை, எலி இல்லை. விஞ்ஞானிகளின் சந்தேகம் திரும்பத் திரும்பப் போனது பி.கே.டி.எல். பக்கம்தான். மேற்கு வங்கத்தின் 24 பர்கானா பகுதியில் ஏற்பட்ட பரவலுக்கு இப்படி ஒரு நோயாளிதான் தொடக்கமா என்ற கேள்வியை 1992-ல் வெளியான ஓர் ஆய்வு எழுப்பியது. 2019-ல் வங்கதேசத்தில் இருந்து வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஆய்வகத்தில் வளர்த்த சுத்தமான மணல் ஈக்களை பி.கே.டி.எல். உள்ளவர்களைக் கடிக்கவிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ஈக்களுக்குக் கிருமி போனது. முடிச்சுகள் இருப்பவர்களிடமிருந்து அதிகமாகவும், வெறும் திட்டுகள் மட்டும் இருப்பவர்களிடமிருந்து குறைவாகவும் பரவியது.

பீகாரில் நடந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் ஆறுதல் தந்தது. உடம்பில் கிருமி இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடமிருந்து ஈக்களுக்குத் தொற்று போகவில்லை. அதாவது, தேட வேண்டியது ஊரில் உள்ள எல்லோரையும் இல்லை. காய்ச்சல் உள்ளவரையும், தோலில் திட்டு உள்ளவரையும்தான்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களில் காலா அசார் இருந்துவந்தது. ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் இருந்தால், பொது சுகாதாரப் பிரச்சினையாக அது ஒழிந்துவிட்டதாகக் கணக்கு. 2023 இறுதியில் இந்த இலக்கை எட்டிவிட்டதாக இந்திய அரசு அறிவித்தது. வங்கதேசத்துக்கு அதே வருடம் உலக சுகாதார அமைப்பின் சான்றே கிடைத்துவிட்டது. உலகிலேயே முதல் நாடு அதுதான்.

மருந்தும் மாறிவிட்டது. பிரம்மச்சாரி காலத்து ஆண்டிமனிக்குக் கிருமி பழகிப்போனதால், பீகாரில் அந்த வகை மருந்துகள் பலனிழந்தன. இப்போது லிபோசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரே ஒருமுறை ஏற்றினால் போதும், காய்ச்சல் குணமாகிவிடும்.

ஆனால், பி.கே.டி.எல். நோயாளிக்கு அப்படி இல்லை. மில்டெஃபோசின் மாத்திரையை 12 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வலியே இல்லாத, அரிப்புக்கூட இல்லாத ஒரு திட்டுக்கு, தினக்கூலி வேலைக்குப் போகிற ஒருவர் ஏன் மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுவார்? பலர் வருவதே இல்லை. வந்தாலும் முகத்தில் இருக்கும் திட்டைத் தொழுநோய் என்றோ, வெண்புள்ளி என்றோ தப்பாக நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் காலா அசார் வந்து குணமானவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் கழித்து இது வரலாம். அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் வருடக்கணக்கில் அவர்கள் வீட்டுக்குப் போய், தோலில் ஏதாவது தெரிகிறதா என்று சுகாதாரப் பணியாளர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரேசிலில் இதே வேலைக்கு நாய்களுக்குப் பூச்சிக்கொல்லி தடவிய கழுத்துப்பட்டை மாட்டுகிறார்கள். பீகாரில் அதற்கு வழியில்லை. இங்கே ஆஷா பணியாளர் ஒருவர், பழைய நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டி, நலமாக இருக்கும் மனிதரிடம் உங்கள் தோலைப் பார்க்க வேண்டும் என்று பேசிச் சம்மதிக்கவைக்க வேண்டும்.

இலங்கையிலும் இதே டோனவனி வகை ஒட்டுண்ணி இருக்கிறது. ஆனால், அங்கே பெரும்பாலும் தோல் புண்ணாகத்தான் வெளிப்படுகிறது. ஒரே கிருமி, ஊருக்கு ஊர் வேறு முகம். அதனால் ஒரு நாட்டில் வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே இன்னொரு நாட்டில் போட முடியாது. கிருமி எங்கே தங்குகிறது என்பதை அந்தந்த மண்ணில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரம்மச்சாரி செய்தது அதைத்தான். குணமாகிவிட்டார் என்று எழுதி அனுப்பிய நோயாளி திரும்பி வந்தபோது, அவரை மறுபடி உட்காரவைத்துத் தோலைப் பரிசோதித்தார். கடந்த பத்தாண்டுகளில் பீகார் கிராமங்களில் காலா அசார் வந்து குணமான ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யார் தோலில் புதிதாகத் திட்டு தெரிகிறது என்று பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.